நிமிஷத்துக்கு இரண்டாயிரம்

31 மே, சனி

இன்று மாலை ஐந்தரை மணிக்கு ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் காலம் நின்றுவிட்டது. டைம் கீப்பர் அறையில் முப்பத்தோரு வருஷம் ஆட்சி புரிந்த குத்தாலிங்கம், அதாவது யாம், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியதுதான் காரணம். தாமிரபரணி ஒரு கணம் ஓடாமல் நின்று, 'இனி யாரைக் கேட்டுப் புறப்படுவது?' என்று யோசித்ததாகப் பாலத்தில் நின்றவர்கள் சொல்கிறார்கள். சொன்னவர்களின் பெயரைக் கேட்கக் கூடாது.

பொன்னாடை ஏழு. மாலை நான்கு. சுவர்க்கடிகாரம் ஒன்று. டைம் கீப்பருக்குக் கடிகாரம் பரிசு! கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கூட்டம். மேலாளர் பேசும்போது, "ஒரு வண்டி ரெண்டு நிமிஷம் பிந்தினாலும் சார் மொகம் சுருங்கிரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வீடு வந்து சேரும் வரை விளங்கவில்லை.

இந்த டைரி ஜனவரியில் கூட்டுறவு சங்கத்தில் கொடுத்தது. ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் ஆதாரம் இல்லாமல் திண்டாடக் கூடாதே என்று தொடங்கி வைக்கிறேன்.

வீட்டில் மனைவி முப்பிடாதி முறத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் சுளவை, மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மன்னர் மாலையும் கழுத்துமாக வாசலில் நிற்கிறார். பட்டத்து ராணி தலை நிமிரவில்லை.

"காப்பி பிளாஸ்க்குல இருக்கு. மாலைய வெளியில தொங்கவிடுங்க. பூ உதிந்தா நீங்கதான் பெருக்கணும்."

இவளும் போன மார்ச்சில் ஐம்பத்தெட்டு முடிந்து ரிட்டயர் ஆனவள்தான். பீடிக் கம்பெனியில் பிடித்த பி.எஃப். லட்சத்து எட்டாயிரம் வந்தது. ஃபாரம் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மாலை, பேச்சு ஒன்றும் கிடையாது. மறுநாளும் சுளவோடுதான் உட்கார்ந்தாள்.

1 ஜூன், ஞாயிறு

காலை நாலரைக்கு விழித்தேன். எல்லா வண்டியும் என்னைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தன.

5 ஜூன், வியாழன்

பால்காரர் 6.10க்கு வர வேண்டியவர் 6.24க்கு வந்தார். வாய்மொழி எச்சரிக்கை கொடுத்து அனுப்பினேன். குழம்பு கொதிக்க 19 நிமிஷம், சோறு வடிக்க 27. சுவரில் ஒரு தாளை ஒட்டி எழுதி வைத்தேன்.

"இங்கன வந்து டூட்டி பாக்காதிய" என்று முப்பிடாதி தாளைக் கிழித்து அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது ஒரு விஷயம் சொன்னாள். வீட்டுக்காரர் ஞானமுத்து வாத்தியார், மகனுக்குத் தூத்துக்குடியில் கடை வைத்துக் கொடுக்கப் போகிறாராம். அதற்காக இந்த வீட்டை ஒத்திக்கு விடுகிறார். ஆறு லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம். முடியும்போது ஆறு லட்சத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். நமக்கு முதல் உரிமை. ஆவணிக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறது, நாம் காலி செய்ய வேண்டும்.

"பதினாலு வருசமா இருக்கோம். ஒங்க பி.எஃப். வந்ததும் குடுத்துரலாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பேரரசர் தம் பொக்கிஷத்தைத் திறந்து, வாடகை வீட்டை ஒத்தி வீடாக உயர்த்துவதா? இமயத்தில் கொடி நட வேண்டியவன் இட்லிக் கொப்பரையில் நடுவதா? "பாப்போம்" என்றேன்.

8 ஜூன், ஞாயிறு

விதி வேனில் வந்தது.

என் அக்காள் மகன் இசக்கிராஜா மனை விற்கிறான். முப்பத்திரண்டு வயது, வரும் ஐப்பசியில் கல்யாணம். ஞாயிறுதோறும் வேன் வைத்து ஜனங்களைக் கூட்டிப்போய் மனையைக் காட்டி மத்தியானம் பிரியாணியும் போடுகிறார்கள். எனக்கு முன்சீட். பிரியாணியில் வந்த கோழிக்கால் இருக்கிறதே, அந்தக் கோழி உயிரோடு இருந்த காலத்தில் பாண்டியர் யானைப்படையில் உத்தியோகம் பார்த்திருக்க வேண்டும்.

இடத்தின் பெயர் குபேர் கார்டன், மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற கருவநல்லூர் விலக்கிலிருந்து உள்ளே. செம்மண் பூமி, வெள்ளைக் கல், கலர் கொடிகள், நடுவில் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. ஆனால் வளைவு கம்பீரமாக இருந்தது.

"மாமா, மனை நம்பர் முப்பத்தாறு. கெழக்க பாத்தது. ஒங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். இன்னைக்குப் பத்து லச்சத்து எம்பதாயிரம். அஞ்சு வருசத்துல முப்பது லச்சம்."

"எல, போர்டுல ஜங்ஷன்ல இருந்து இருபது நிமிசம்னு போட்டிருக்கியே, எந்த வண்டியில?"

"கார்ல மாமா."

"எந்தக் காரு? பின்னால ராக்கெட்டு கட்டின காரா? முப்பத்தோரு வருசம் டைம் எழுதினவன்கிட்ட நிமிசத்துல விளையாடாத."

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இசக்கிராஜா தலையைச் சொறிந்தான். ஒரு வாரமாக யாரும் சொறியாத தலை. அதாவது, ரிட்டயர் ஆன இந்த ஒரு வாரமாக என் முன்னால் நின்று யாரும் தலை சொறியவில்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

10 ஜூன், செவ்வாய்

உலகத்தில் மனை வாங்குகிறவர்கள் மண்ணைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், வில்லங்கம் பார்ப்பார்கள். யாம் ஓட்ட நேரம் பார்த்தோம்.

17பி, காலை 10.20. கண்டக்டர் தளவாய், என் காலத்தில் என்னிடம் ஆயிரம் திட்டு வாங்கிய மகராசன். என்னைப் பார்த்ததும் முன்சீட்டைத் துடைத்து உட்கார வைத்தான். வண்டி 10.20க்குக் கிளம்பியது. 10.20 என்றால் 10.20. கருவநல்லூர் விலக்கு 10.51. திரும்பும்போது 11.30க்கு எடுத்து 12.01. வழியில் நின்ற இடத்திலெல்லாம் ஜனங்கள் ஓடிவந்து ஏறினார்கள். இப்படி வண்டி நேரத்துக்கு வரும் என்று அவர்களே எதிர்பார்க்காத மாதிரி மூச்சு வாங்கினார்கள். கிராமத்து ஜனங்கள் சோம்பேறிகள்.

முப்பத்தொரு நிமிஷம். போர்டில் இருபது. பதினோரு நிமிஷம் பொய்! இசக்கிராஜாவின் ஆபீசுக்குப் போய் மேஜையில் கையை ஊன்றி நின்று வழக்கை எடுத்துரைத்தேன். அவனுடைய முதலாளி உள்ளேயிருந்து வந்து கேட்டுவிட்டு, "ஐயா, நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் கழிச்சிக்கிடுதோம். இருவத்திரெண்டாயிரம். சந்தோசமா?" என்றார்.

பூவுலகில் நிலத்தை நிமிஷக் கணக்கில் விலை பேசிய முதல் மனிதன் யான். இனிமேல் பிறக்கிறவர்களுக்கு அந்தப் பெருமை கிடைக்காது.

12 ஜூன், வியாழன்

கூட்டுறவு சங்கக் கணக்கை முடித்ததில் கைக்கு வந்த ஐம்பதாயிரத்தை முன்பணமாக இசக்கிராஜா கையில் கொடுத்தேன். பி.எஃப். வந்ததும் மீதி, கிரயம் அப்புறம்.

முப்பிடாதியிடம் சொல்லவில்லை. இதற்குப் பயம் என்று பெயர் இல்லை. ராஜதந்திரம்.

இன்று அவளும் எங்கேயோ பாங்குக்குப் போய் வந்தாள். பாஸ்புத்தகம் பதிய என்றாள். நான் என் யோசனையில் இருந்ததால் விசாரிக்கவில்லை.

17 ஜூன், செவ்வாய்

17பி. 31 நிமிஷம்.

18 ஜூன், புதன்

17பி. 31 நிமிஷம். முப்பத்தாறாம் நம்பர் மனையில் ஒரு வேப்பங்கன்று தானாக முளைத்திருக்கிறது. பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்.

23 ஜூன், திங்கள்

17பி. 30 நிமிஷம்! தளவாய்க்கு 'சபாஷ்' சொன்னேன். டிரைவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார். ரிட்டயர் ஆனவர்களுக்கு பாஸ் உண்டு, டிக்கெட் கிடையாது. இருந்தாலும் தினம் போவது இடத்தைக் கண்காணிக்கத்தான். சும்மா போகவில்லை.

2 ஜூலை, புதன்

"தெனம் எங்க போறிய?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"சங்கத்துல வேலை."

"சங்கத்துல செம்மண்ணா கெடக்கு? வேட்டி பூராவும்."

மகள் ஓசூரிலிருந்து போன் பண்ணியதால் தப்பித்தேன்.

14 ஜூலை, திங்கள்

பி.எஃப். வந்துவிட்டது. பதினோரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். செல்போனில் மெசேஜ் வந்தபோது நான் ரேஷன் கடை வரிசையில் பருப்புக்கு நின்றுகொண்டிருந்தேன். பூமி ஒரு சுற்றுச் சுற்றி என் காலடியில் வந்து உட்கார்ந்தது. பின்னால் நின்ற அம்மாள், "நவுருங்க" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் கருவநல்லூர் மனையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். வளைவு, கிழக்குப் பார்த்த வாசல், அஞ்சு வருஷத்தில் முப்பது லட்சம், நிமிஷத்துக்கு இரண்டாயிரம் எல்லாம். முன்பணம் கொடுத்ததை மட்டும் சொல்லவில்லை. கதையின் வேகம் குறையும்.

முப்பிடாதி முழுக்கக் கேட்டாள். "பத்து லச்சத்து அம்பத்தெட்டாயிரம் அங்க குடுத்துட்டா, வாத்தியாருக்கு?"

"வாத்தியாரு வீட்டக் காலி பண்ணிட்டு வேற எடம் பாப்போம். ரெண்டு வருசத்துல அங்க வீடு கட்டிப் போயிருவோம்."

"எந்தப் பணத்துல கட்டுவிய?"

அரசவையில் இப்படி இடக்கான கேள்விகள் கேட்கும் வழக்கம் இல்லை என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"வியாழக்கெழம ஆடி பொறக்குது. ஆடியில யாராவது கிரயம் முடிப்பாவளா? ஆவணி வரட்டும்."

நியாயம்தான். ஆடியில் கிரயம் முடித்தால் பாவம் என்று எங்கள் வம்சத்தில் ஆதிசேஷன் காலத்திலிருந்தே சொல்கிறார்கள். இசக்கிராஜாவிடம் போனில் சொன்னேன். "ஒரு மாசமா மாமா?" என்றான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. ஏன் இறங்கியது என்று தெரியவில்லை. டவர் கோளாறாக இருக்கும்.

22 ஜூலை, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். முப்பிடாதி காலையிலேயே பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் திரும்பினாள். பாதம் பூராவும் செம்மண்.

"எந்தக் கோயில்?"

"தூரத்துக் கோயில்."

நான் இன்று போகவில்லை. முதுகுப் பிடிப்பு. கன்று வாடியிருக்கும்.

29 ஜூலை, செவ்வாய்

இன்றும் தூரத்துக் கோயில். பக்தி முற்றுகிறது. எனக்குப் பழைய சோறும் வத்தலும். முதுகு இன்னும் சரியாகவில்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

மூன்றாவது செவ்வாய். சாயங்காலம் சுளவை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பீடிக்கட்டுச் சுற்றும் தாளின் பின்பக்கம். கோடு போட்டு, தேதி, வண்டி எண், புறப்பாடு, வந்தடைதல் என்று நாலு கட்டம். என்னுடைய படிவம் அப்படியே! முப்பத்தோரு வருஷம் வீட்டுக்கு எடுத்து வந்து எழுதினேனே, பார்த்திருக்கிறாள்.

22.7. 17பி. 10.20 வண்டி எடுத்தது 10.41. கருவநல்லூர் விலக்கு 11.55.
29.7. எடுத்தது 10.38. சேர்ந்தது 11.50.
5.8. எடுத்தது 10.44. சேர்ந்தது 12.01.

"இது என்னது?"

"ஒங்க மனைக்குப் போற நேரம். பூலாங்குளத்துல டீ குடிக்க இறங்குதாவ. அடுத்த ஊர்ல வாழைத்தார் ஏத்துதாவ. பள்ளிக்கூடத்து டீச்சர் வாரது வரைக்கும் நிக்கி. ஒண்ணே கால் மணி நேரம்."

"முப்பது நிமிசம்! நான் ரெண்டு மாசம் போயிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். சங்கத்து வேலை அம்பலமாகிவிட்டது. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க ஏறினா முப்பது. நான் ஏறினா எழுவத்தஞ்சு. அங்கன குடி போனா ஏறப்போறது நானுந்தான? அங்க இருந்து நான் பத்து மணிக்குள்ள பீடிக்கடைக்கு வரணும்."

அவள் கடிகாரம் பழுது என்று தீர்ப்பளித்தேன். அவளிடம் கடிகாரமே கிடையாது, செல்போனில்தான் பார்ப்பாள். செல்போனும் பழுது என்று தீர்ப்பளித்தேன்.

11 ஆகஸ்ட், திங்கள்

பழைய காலத்து ராஜாக்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போவார்கள். யாம் தலையில் துண்டு, முகத்தில் மாஸ்க், மகளின் பழைய கண்ணாடி. பாஸ் காட்டாமல் டிக்கெட் எடுத்து, கடைசி சீட்டில் ஒரு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தளவாய்க்கு அடையாளம் தெரியவில்லை.

புறப்பாடு 10.43.

பூலாங்குளத்தில் டீ. டிரைவர் வடையும் சாப்பிட்டார். வாழைத்தார் பதினெட்டு, நானே எண்ணினேன். ஒரு தாருக்கு இவ்வளவு மரியாதை செய்து ஏற்றுவதை மந்திரி பதவியேற்பில்கூடப் பார்த்ததில்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தளவாயிடம் வாயைக் கொடுத்தாள்.

"ஏ கண்டக்டரு, போன மாசம் பறந்துகிட்டுத் திரிஞ்சீரு. இப்ப என்ன ஊருதீரு?"

"அப்ப டைம் கீப்பர் ஐயா வந்தாரு அக்கா."

"அவருதான் ரிட்டேரு ஆயிட்டாரே. இன்னும் என்ன பயம்?"

"பயம் ஒண்ணும் இல்ல." தளவாய் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னான். "வீட்டுல இருப்புக் கொள்ளாம தெனமும் ஏறி உக்காருதாரு. எங்கயும் போறதுக்கு இல்ல, அந்த விலக்குல எறங்கி நின்னுட்டு அடுத்த வண்டியில திரும்புதாரு. வண்டி லேட்டுன்னா அந்த மனுசன் மொகத்தப் பாக்கச் சகிக்கல. ஏதோ அவரு இருக்கிற அரை மணி நேரமாவது எல்லாம் சரியா ஓடுதுன்னு நெனச்சிக்கிட்டும்னு நாங்க எல்லாரும் பேசி வச்சிருக்கோம். டீய வந்து குடிச்சிக்கிடலாம்லா."

"நல்ல பிள்ளையதான் போ" என்றாள் அந்தப் பெண்.

கையில் டிக்கெட் இருந்தது. இரண்டாக மடித்தேன், நாலாக, எட்டாக, பதினாறாக. அதற்கு மேல் அந்தக் காகிதம் மடியவில்லை. கருவநல்லூர் விலக்கு 11.58.

இறங்கவில்லை. அதே வண்டியில் திரும்பிவிட்டேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

எங்கும் போகவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

13 ஆகஸ்ட், புதன்

இன்றும் கீரை. வீட்டில் கீரை இல்லை. பக்கத்து வீட்டுக் கீரை.

14 ஆகஸ்ட், வியாழன்

மத்தியானம் முப்பிடாதி பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நூலைப் பிரித்துக் கொடுத்தேன். என் மாதிரி நூல் பிரிக்கத் தெரிந்தவர்கள் இந்த மண்டலத்தில் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு வார்த்தை வந்துவிட்டது.

"ஒன் டைம்தான் சரி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"திங்கக்கெழம மகளோட கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தியளே, அப்பவே தெரியும்."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. ஏன், என்ன என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பெரிதாகப் புளுகியிருப்பேன். கேட்காததால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று: இசக்கிராஜாவிடம் ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்திருக்கிறேன், மனை வேண்டாம் என்றால் அது திரும்ப வராது, ரசீதில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், ரசீது இன்னும் என் கைக்கு வரவில்லை.

"எப்பக் குடுத்திய?"

"ஜூன் பன்னெண்டு."

கத்தரிக்கோல் நின்றது. முப்பிடாதி சிரித்தாள். இந்த முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் இப்படி விழுந்து விழுந்து சிரித்து நான் பார்த்தது கிடையாது. சுளவிலிருந்த தூள் பறந்தது.

"அன்னைக்குத்தான் நானும் பாங்குக்குப் போயி, என் பி.எஃப்.ல ஒரு லச்சத்த எடுத்து வாத்தியாரு கையில ஒத்திக்கு முன்பணம்னு குடுத்தேன். ஒங்கட்ட கேட்டா இமயமல, கொடின்னு சொல்லுவிய. அதான் சொல்லல."

"இது ராஜதந்திரம்லா?"

"ஆமா. ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும்?"

பீடி சுற்றிய கையின் பி.எஃப். என் பி.எஃப்.புக்கு முன்னாலேயே போய் வீட்டைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. ஃபாரம் நிரப்பும்போது 'சில்லறைப் பணம், அடுப்படிச் செலவுக்கு வச்சிக்கோ' என்று சொன்னவன் நான். அதை இங்கே பதிவு செய்கிறேன். சரித்திர ஆசிரியர்கள் வேண்டுமானால் விட்டுவிடலாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி ஒன்று. இசக்கிராஜா பத்திர நகலோடு வீட்டுக்கே வந்தான். புதுச் சட்டை. வியர்வை மட்டும் பழையது.

"மாமா, புதன்கெழம நல்ல முகூர்த்தம். பணத்தப் போட்டா அன்னைக்கே முடிச்சிரலாம்."

"மனை வேண்டாம் மாப்ள" என்றேன். "முன்பணம் போனாப் போகட்டும்."

அவன் கத்துவான், கெஞ்சுவான், முதலாளியைக் கூப்பிடுவான் என்று நாற்பது வகைத் தாக்குதலுக்குப் படை திரட்டி வைத்திருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, அந்த அம்பதாயிரத்த நான் ஆபீசுல கட்டவே இல்ல."

"என்ன?"

"அன்னைக்கே கல்யாண மண்டபத்துக்கு அட்வான்சு கட்டணும். இல்லன்னா ஐப்பசி முகூர்த்தம் போயிரும். ஒங்க பி.எஃப். ஜூலையில வரும், முழுசும் கட்டும்போது என் கமிஷன்ல சேத்துக் கட்டிரலாம்னு… ஆடின்னு ஒரு மாசம் தள்ளிட்டிய. முப்பத்தாறு ஜூன் கடைசியிலயே வேற ஒருத்தருக்குப் போயிட்டு. இந்தப் பத்திரத்துல நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அதுவும் கெழக்க பாத்ததுதான் மாமா."

ஆக, இரண்டு மாதம் நான் கண்காணித்தது எவனுடைய மனையையோ. வேப்பங்கன்றுக்கு நான் ஊற்றிய தண்ணீரில் ஒரு குளம் நிரம்பியிருக்கும். அதன் நிழலில் எவனோ கட்டில் போடப் போகிறான். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. தளவாயின் வண்டியில் வேகமாக ஓட்டி என்னைத் திருப்திப்படுத்தினார்கள்; இவன் நம்பரைக் காட்டித் திருப்திப்படுத்தினான். என் திருப்திக்கு ஜில்லா முழுக்க ஆள் வேலை பார்த்திருக்கிறது.

"போலீசுக்குப் போவியளா மாமா?"

பதில் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். முப்பிடாதி முந்திக்கொண்டாள்.

"எல, ஒன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு யாரு செய்யணும்?"

"மாமாதான் அத்தை."

"மோதிரம், பட்டு, மண்டபத்துக்கு வர்ற சீர்த்தட்டு எல்லாம் சேத்தா எவ்வளவு ஆகும்?"

அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். அவளே கணக்கை முடித்தாள்.

"அம்பதாயிரம் ஆவும். மாமா முன்கூட்டியே செஞ்சிட்டாரு. மண்டபமாச் செஞ்சிருக்காரு. அன்னைக்கு மோதிரம் எங்கன்னு ஒங்க அம்மையோ ஒன் மாமனாரோ கேட்டா, நீதான் பதில் சொல்லணும். சரியா?"

இசக்கிராஜா எழுந்து அவள் காலில் விழுந்தான். பிறகு ஞாபகம் வந்து என் காலிலும் விழுந்தான். எனக்குக் கிடைத்தது இரண்டாம் நிலைக் கும்பிடு. ஏற்றுக்கொண்டேன்.

போகும்போது வாசலில் நின்று, "கண்டக்டர் தளவாய் கேட்டாரு மாமா, ஒடம்பு சரியில்லையான்னு" என்றான்.

"முதுகுன்னு சொல்லு" என்றேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

பத்திர ஆபீஸ். ஞானமுத்து வாத்தியார் ஆறு லட்சத்துக்கு ஒத்தி எழுதிக் கொடுத்தார். ஒரு லட்சம் முப்பிடாதி பணம், ஐந்து என்னுடையது. மீதியைத் தபாலாபீஸில் மூத்தோர் கணக்கில் போட்டாயிற்று.

எழுத்தர் என்னைப் பார்த்து, "ஒத்தி வாங்குறவங்க பேரு?" என்றார்.

"முப்பிடாதி" என்றேன்.

முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேர் பெயரிலும் என்றுதான் பேசியிருந்தோம்.

"தொழில்?"

"பீடி சுத்துதேன்" என்றாள்.

யாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். எழுத்தரின் பேனா மோசம்.

1 செப்டம்பர், திங்கள்

மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி காலையில் வாடகையை எண்ணி உறையில் போடுவது முப்பிடாதியின் வழக்கம். இன்றும் எழுந்ததும் பழக்கத்தில் ஐயாயிரத்து ஐந்நூறை எண்ணிப் போட்டுவிட்டாள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். ஒத்தி வீட்டுக்கு ஏது வாடகை?

பிறகு அதிலிருந்து ஒரு ஐந்நூறை உருவி என்னிடம் நீட்டினாள்.

"பாவநாசம் போவோம். குளிச்சிட்டு வருவோம். பாஸ் எடுக்காதிய. டிக்கெட்டு எடுங்க, ரெண்டு."

"இன்னைக்குப் பீடி?"

"நாளைக்குச் சேத்துக் குடுக்கேன்."

ஜங்ஷனில் டைம் கீப்பர் அறைப் பக்கம் போகாமல் நேராக வண்டியில் ஏறினோம். புது டிரைவர், புதுக் கண்டக்டர், ஒருத்தனுக்கும் என்னைத் தெரியாது. ஜன்னலோரம் அவளுக்கு. 9.15 வண்டி 9.27க்குக் கிளம்பியது. சேரன்மகாதேவியில் கண்டக்டர் இறங்கிப் போய் யாரோடோ ஊர்க்கதை பேசிவிட்டு நிதானமாக வந்தான். ஆற்றுப்பாலத்தில் காற்று நன்றாக இருந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் முப்பிடாதி சேலைத் தலைப்பைக் காதோரம் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்:

"எப்பப் போயிச் சேரும்?"

"போறப்பப் போகும்" என்றேன்.